ஒன்பதுக்குப் பொறவு பத்து

நம்ம பள்ளிக்கூடக் குரூப்புல நேத்து ஒருத்தி தன் பேத்தியோட சடங்குப் பத்திரிகையைப் போட்டிருந்தா. பிளாஸ்டிக் மயில் வச்ச நாற்காலியில புள்ள உக்காந்திருக்கு. தலையில கிரீடம். மூஞ்சியில சந்தனத்த அப்பி, அதுக்கு மேல பவுடர அப்பி, பத்தாததுக்குப் போன்ல வேற வெளுப்பாக்கியிருக்காக. கண்ணு மட்டுந்தான் அந்தப் புள்ளையோடது. அதுவும் கேமராவப் பாக்காம எங்கயோ பாக்குது.

அதுக்குக் கீழ நீங்க எல்லாரும் வரிசையா உங்க சடங்குக் கதைய எழுத ஆரம்பிச்சிட்டீங்க. தாய்மாமன் சீரு, பட்டுப் பாவாட, உளுந்தங்களி வாசம், அதெல்லாம் பொற்காலம்னு. கடைசியில என்னையப் பிடிச்சீங்க. "ஏட்டி, நீ மட்டும் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்க? உன் சடங்குதான மைக் செட்டெல்லாம் வச்சு ஊரே பாக்க நடந்துச்சு"ன்னு.

சரி, தொறக்கேன். சாப்பிட்டு முடிச்சிட்டுப் படிங்க. எனக்கு அதை நெனச்சா இன்னைக்கும் தொண்டையில பச்ச முட்ட வந்து நிக்குது.

எண்பதுகளோட பின்பாதி. நாம எட்டாவது. எங்கப்பா பட்டாளத்துல வடக்க எங்கயோ இருந்தாரு. நானும் அம்மாவும் ராஜபாளையத்துல பெரியப்பா வீட்டுல இருந்தோம். பெரியப்பாவுக்குச் செட்டியார்பட்டியில தறி ஷெட்டு. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்யுற ஷெட்டு. வீட்டுல எதுக்கெடுத்தாலும் அந்தத் துணிதான். பால் வடிகட்ட, ஜன்னல்ல தொங்கவிட, ஊறுகாய் ஜாடி வாயக் கட்ட. எந்தச் சாமானும் எங்க வீட்டுல அடிபட்ட ஆளு மாதிரி கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கும். வாயத் தொறந்தா நாக்குல பஞ்சு ஒட்டும். சோத்துலயும் பஞ்சு. நீங்க சொல்லுத பொற்காலம் எனக்கு நாக்குல இருந்து துப்புத பஞ்சாத்தான் ஞாபகம் இருக்கு.

பெரியப்பாவுக்கு ஒரு வியாதி இருந்துச்சு. தறி மேஸ்திரி மீட்டர் கணக்குல ஏமாத்துதான்னு ராத்திரி பகலா ஒரு சந்தேகம். இது தெரிஞ்சுதான் மதுரையில இருந்து ஒரு ஏஜெண்டு வந்தான். "இது கம்ப்யூட்டர் அண்ணாச்சி. துணி எம்புட்டு ஓடிச்சின்னு அதுவே எண்ணிச் சொல்லிரும்"னு சொல்லி ஒரு மரப்பொட்டியத் தலையில கட்டிட்டுப் போயிட்டான். பொறவு அவனக் காணவே இல்ல.

பொட்டியத் தொறந்தா டிவி இல்ல, டைப்ரைட்டர் இல்ல. ஒரு பச்சப் பலக. அதுல கரப்பான் மாதிரி கறுப்புக் கறுப்பாச் சில்லு. ஓரத்துல கால்குலேட்டர்ல இருக்குத மாதிரி பொத்தான். பூஜ்ஜியத்துல இருந்து ஒன்பது வரைக்கும் நம்பர், பொறவு A-யில இருந்து F வரைக்கும் எழுத்து. மேல சிவப்பா எரியுத நம்பர் லைட்டு ஒரு வரிசை. பொறவு இங்கிலீஷ்ல ஒரு புத்தகம். அம்புட்டுத்தான். காலேஜ்ல பசங்க படிச்சுப் பழகுறதுக்குச் செஞ்ச சாமான் அது. அதுவா எதையும் எண்ணாது. நாம உக்காந்து அதுக்கு எண்ணச் சொல்லிக் குடுக்கணும்.

பெரியப்பாவுக்கு ஏமாந்தது பத்து நிமிசத்துல புரிஞ்சு போச்சு. ஆனா வாயத் தொறந்து சொல்லுவாரா? கணக்கு ரூம்ல மேஜ போட்டு, பேண்டேஜ் துணியால சுத்தி வச்சு, "கம்ப்யூட்டர் இருக்கு, செருப்பக் கழட்டிட்டு வாங்க"ன்னு வாரவன் போறவனுக்கெல்லாம் காட்டுனாரு. அதுக்கு முன்னால வெறும் காலோட நின்னு கைகட்டிப் பாத்துட்டுப் போனவுக எத்தன பேரு. இப்ப நெனச்சா அந்த மேஜையப் பிடிச்சுக் கவுத்தணும்னு இருக்கு.

பெரியப்பா மகன், எங்க அண்ணன், பாலிடெக்னிக் போகப்போறவன். அவன்தான் அதைப் படிக்கணும்னு ஏற்பாடு. அவன் நாலு பொத்தான அமுக்கிப் பாத்தான். "இதுல கேம் கெடையாது"ன்னான். மட்டையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். அண்ணன் எந்திரிச்ச நாற்காலியில நான் உக்காந்தேன். என்னைய யாரும் உக்காரச் சொல்லல. எந்திரின்னும் சொல்லல, ஏன்னா யாரும் கவனிக்கல.

அது என்னன்னு ரெண்டே வரியில சொல்லுதேன், பயப்படாதீங்க. அதுக்குள்ள வரிசையா அறை இருக்கு. ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒரு நம்பர் போட்டு வைக்கலாம். இன்ன நம்பர்னா கூட்டு, இன்ன நம்பர்னா அங்க போ, இன்ன நம்பர்னா நில்லு. அந்தப் புத்தகத்துல அதுக்கு ஒரு அட்டவணை இருந்துச்சு. வரிசையாப் போட்டுட்டு ஓடுன்னா ஓடும். ஒரு நம்பர் தப்புன்னா ஓடாது. கொஞ்சுனாலும் ஓடாது, அழுதாலும் ஓடாது. நம்ம தப்பத் தேடிக் கண்டுபிடிச்சு மாத்துனா அடுத்த நொடி ஓடும். பழசை மனசுல வச்சுக்கிடாது. ஒண்ணச் சொல்லிட்டு ஒண்ணச் செய்யுத அந்த வீட்டுல, சொன்னதச் சொன்னபடி செஞ்ச ஒரே பிறவி அதுதான். எனக்கு அதும்மேல பைத்தியம் பிடிச்சிருச்சு. உங்கள்ல சில பேரு சினிமாக்காரன் படத்த நோட்டுல ஒட்டிக்கிட்டு அலைஞ்சீங்களே, அந்தப் பைத்தியந்தான் இது.

ஒரு நாளு பெரியப்பா கணக்கு ரூமுக்குள்ள வந்தாரு. நான் லைட்டுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ண விட்டிருந்தேன். செத்த நேரம் நின்னு பாத்தாரு.

"இது துணிய எண்ணுமாட்டி?"

"எண்ண வைக்கலாம் பெரியப்பா."

"மத்த தறி ஷெட்டுக்காரவுக எல்லாரையும் ஆடிக்குப் பொறவு வரச் சொல்லியிருக்கேன். அவுக முன்னால எண்ணிச்சுன்னா இது உன் சாமான். நீயே வச்சுக்கோ, அடுத்தது வேணும்னாலும் வாங்கித் தாரேன். எண்ணலையா, ரேடியோ கடைக்காரன் இதுக்கு மாத்தா ஒரு மிக்ஸி தாரேங்கான். பெரியம்மா கேட்டுக்கிட்டே இருக்கா."

எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அந்தப் பொட்டி எங்கிட்ட இருக்கணும். அந்த ஆடி மாசம் முழுக்க எனக்குப் பசியும் தெரியல, காத்தும் தெரியல.

வீட்டுல துணி சுத்துத கையுருளை ஒண்ணு கெடந்துச்சு. ஒரு சுத்துக்கு ஒரு மீட்டர். அந்த உருளையில ஒரு சுவிட்சு வச்சு, அது ஒரு தடவ அமுங்குனா ஒண்ணக் கூட்டணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க தாய்மாமா மைக் செட்டு வச்சிருந்தாரு. கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் கொழாய் கட்டுவாரு. அவருகிட்டப் போயி ஒரு சுவிட்சும் வயரும் ஸ்க்ரூடிரைவரும் கேட்டேன். எதுக்குன்னு கேக்காமக் குடுத்தாரு. அது அவருகிட்ட நல்ல குணமா, இல்ல காதுலயே வாங்கலையான்னு எனக்கு இன்னைவரைக்கும் தெரியாது.

மொத நாளு ஒரு சுத்துக்கு ஏழு மீட்டர் காட்டிச்சு. பெரியப்பா சிரிச்சாரு. "இப்படியே எண்ணுனா இந்த ஜில்லாவுக்கே நாந்தான் பணக்காரன்." சுவிட்சு அமுங்கும்போது உள்ள தகடு துள்ளும், அம்புட்டுத் துள்ளலையும் அது எண்ணிருது. ஒரு அமுக்கு வந்ததும் செத்த நேரம் சும்மா இருன்னு நடுவுல எழுதுனேன். அது சரியாப் போச்சு.

ரெண்டாவது இதைவிட மோசம். எட்டு வரும், ஒன்பது வரும், அடுத்து 'A' வரும். அதுக்குப் பதினஞ்சு வரைக்கும் ஒத்தை எழுத்துலயே எண்ணித்தான் பழக்கம். பெரியப்பா மூக்குக்கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, "ஒன்பதுக்குப் பொறவு பத்துன்னு ஒண்ணாப்புப் பிள்ளைக்குத் தெரியும். இதுக்குத் தெரியல. மிக்ஸிதான்"னுட்டுப் போயிட்டாரு. நான் அந்தப் புத்தகத்த மறுபடியும் மொதல்ல இருந்து படிச்சேன். தெரியாத இங்கிலீஷுக்கு அகராதி பாத்துப் பாத்துப் படிச்சேன். கடைசியில அந்த அட்டவணையில ஒரு மூலையில ஒத்தை வரி. இருபத்தேழுன்னு ஒரு கட்டளை. கூட்டுன பொறவு இதைப் போட்டா, மனுச எண்ணிக்கைக்கு அதுவே மாத்திக்கிடும். ஒரே ஒரு நம்பர். கூட்டலுக்கு அடுத்த அறையில போட்டேன். ஒன்பதுக்குப் பொறவு பத்து வந்துச்சு.

நான் அடுப்படிக்கு ஓடி அம்மாகிட்ட, "பத்து வந்துருச்சும்மா"ன்னேன். அம்மா புளி கரச்சுக்கிட்டே, "வந்தா நல்லதுதான், தட்ட எடுத்து வை"ன்னா.

கரண்டு போனா அந்த அறைக்குள்ள இருக்குத நம்பரெல்லாம் போயிரும். அதனால கேசட்டுல பதிஞ்சு வைக்கணும். அப்பா பட்டாளக் கேண்டீன்ல வாங்கிக் குடுத்த டேப்ரெக்கார்டர் இருந்துச்சு. அதை ஒயர் போட்டு மாட்டுனா, நம்பரெல்லாம் கீச்சுக் கீச்சுன்னு சத்தமாப் போயிக் கேசட்டுல ஏறும். திருப்பிப் போட்டா திருப்பி உள்ள வரும். எனக்குச் சங்கீதம் அது. பெரியம்மாவுக்குக் கேட்டாலே பல்லு கூசும். "பேய வச்சு டேப்பு பிடிக்காளா இவ"ன்னு வைவா. டேப்ப நம்ப முடியாதுன்னு ஆரம்பத்துல ஒரு தடவ, டேப்பு முடியப் போற எடத்துல ஒரு தடவன்னு ரெண்டு தடவ பதிஞ்சேன்.

ஆடி முடிஞ்சு, ஷெட்டுக்காரவுக வார ஞாயித்துக்கிழம வந்துச்சு. காலையில எந்திரிச்ச கையோட பொட்டியப் போட்டேன். உருளையச் சுத்துனேன். ஒண்ணு, ரெண்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு. ஒரு பிசகு இல்ல. ஷெட்டுக்காரவுக வார வரைக்கும் ஓடட்டும்னு அப்படியே எரியவிட்டுட்டுக் குளிக்கப் போனேன். குளிக்கப் போன எடத்துல தெரிஞ்சது, நான் வயசுக்கு வந்துட்டேன்னு. பயந்து போயி அம்மாவக் கூப்பிட்டேன். அம்மா பெரியம்மாவக் கூப்பிட்டா. செவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து தெலுங்குக்கார அம்மா எட்டிப் பாத்து, "பெத்தமனிஷி அயிந்தா"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திராம நாலு வீட்டுக்குச் சொல்லிட்டா. எனக்கு உடம்பு கூசிச்சு. யாரோ என் சட்டப்பைக்குள்ள கைய விட்டுத் தேடுத மாதிரி இருந்துச்சு.

பின்கட்டு ரூம்ல, வெறகுக்குப் பக்கத்துல என்னைய உக்கார வச்சாக. வாசப்படியில குறுக்க ஒலக்கையப் போட்டாக. பெரியம்மா ஒரு வாளியில மஞ்சத்தண்ணி கரச்சுக்கிட்டு வந்து நின்னா. பெரியம்மாவப் பத்திச் சொல்லணும். கெட்டவ இல்ல. சுத்தம்னா சுத்தம். அவ வீட்டுல தீட்டு ஒரு மூலையில ஒளிஞ்சு நிக்கக்கூட விடமாட்டா.

"காலையில இருந்து என்னத்தையெல்லாம் தொட்டே? ஒண்ணு விடாமச் சொல்லு."

"பாயி, தலகாணி, செம்பு, சீப்பு."

"பொறவு?"

"கம்ப்யூட்டர்."

"அது வேறயா."

"அதுல தண்ணி பட்டாச் செத்துரும் பெரியம்மா. கரண்டு ஓடிக்கிட்டு இருக்கு. அண்ணன ஆஃப் பண்ணச் சொல்லுங்க, துணி வச்சுத் தொடைக்கச் சொல்லுங்க."

"மஞ்சத்தண்ணிட்டி இது. மஞ்சத்தண்ணி யாரக் கொன்னிருக்கு? சத்தம் போடாத. இனிமே நீ சத்தம் போடப்பிடாது."

நான் கத்துனேன். ஒலக்கையத் தாண்டப்பிடாதுன்னு அம்மா என் தோளப் பிடிச்சு அமுக்குனா. முத்தத்துல பாயி மேல தண்ணி விழுந்த சத்தம் கேட்டுச்சு. செம்பு மேல விழுந்த சத்தம் கேட்டுச்சு. பொறவு பெரியம்மா கணக்கு ரூமுக்குள்ள போற கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. மாவெலையால தெளிக்காம, அவ சுபாவப்படி, கையால அள்ளித்தான் ஊத்தியிருக்கா. நம்பர் லைட்டு அம்புட்டும் எட்டு எட்டா எரிஞ்சு நின்னுச்சாம். பொறவு அணஞ்சு போச்சாம். அண்ணன் சொன்னான்.

நான் இன்னைக்கு இந்த வேலையிலயே முப்பது வருசமா இருக்கேன். சொல்லுதேன் கேளுங்க. அப்பவும் அது செத்திருக்காது. ஒயரப் பிடுங்கிட்டு, நல்ல தண்ணியில கழுவி, வெயில்ல நாலு நாளு காய வச்சிருந்தா பெரும்பாலும் பொழச்சிருக்கும். ஆனா ஷெட்டுக்காரவுக வாசல்ல வந்து நின்னுட்டாக. பெரியப்பா, "செருப்பக் கழட்டிட்டு வாங்க"ன்னு கூட்டிட்டு வந்தாரு. பொட்டி இருண்டு கெடக்கு. "ஏலே, போடுலே"ன்னாரு. அண்ணன் சுவிட்சப் போட்டான், அணச்சான், போட்டான், அணச்சான். ஈரத்தோட. கருகுன வாசம் பின்கட்டு வரைக்கும் வந்துச்சு. நான் மூக்கப் பொத்திக்கிட்டேன்.

செவத்துக்கு அந்தப் பக்கம் பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. வந்தவுகள்ல வயசான ஒருத்தரு கேட்டாரு, "இதை யாரு ஓட்டிக்கிட்டு இருந்தது?"

"தம்பி மக."

"வீட்டுல என்னமோ விசேஷம்னாகளே?"

"அவதான். இன்னைக்குக் காலையில."

பொறவு அந்தப் பெரியவரு சொன்னாரு, "அப்பச் சரி. தீட்டோட தொட்டா மிஷின் தாங்குமா? உங்க மிஷினக் குத்தம் சொல்ல முடியாது."

"அதத்தான் நானும் சொல்லுதேன்"னாரு பெரியப்பா. அந்தக் குரல்ல இருந்தது வருத்தமில்ல, நிம்மதி. எனக்கு அது அப்பப் புரியல. ஏஜெண்டுகிட்ட ஏமாந்த மனுசன் ஊரு முன்னால தப்பிச்சுட்டாரு. காப்பி குடிச்சிட்டுப் போனாக.

பொறவு என் பொற்காலம் ஆரம்பிச்சது. மாமா பச்ச ஓல கொண்டு வந்து, கொல்லையில சாக்கடை ஓடுத ஓரத்துல குச்சில் கட்டுனாரு. எனக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர். விடிஞ்சதும் பச்ச முட்டைய ஒடச்சு வாயில ஊத்தி, மேல நல்லெண்ணெய ஊத்துவாக. "முழுங்குட்டி, இடுப்புக்கு நல்லது." அந்த வழவழப்பு தொண்டையில இறங்கும்போது எனக்கு வந்த அருவருப்ப எழுத எழுத்து இல்ல. துப்பப்பிடாது. துப்புனா மறுபடி ஒண்ணு. பொறவு உளுந்தங்களி. எண்ண ஒழுக ஒழுக. கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். சாக்கடை வாசமும் எண்ண வாசமும் ஓல அழுகுத வாசமும் சேந்து, நான் என்னைய மோந்து பாக்கவே பயந்தேன். நீங்க களி வாசம்னு எழுதுனீங்களே, எனக்கு இது ஞாபகம் வந்துச்சு.

காத்துக் கருப்பு அண்டாம இருக்க இரும்புத் துண்டு ஒண்ணு கையில இருக்கணும்னாக. அருவா தந்தாக. வேண்டாம்னு மாமாவோட ஸ்க்ரூடிரைவர வச்சுக்கிட்டேன். "இரும்புதான, இருந்துட்டுப் போவுது"ன்னு மாமா சொன்னாரு. அந்தக் குச்சிலுக்குள்ள நல்லதுன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

ஒரு சாயங்காலம் அம்மாவும் பெரியம்மாவும் குச்சிலுக்குப் பின்னால பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தாக. நான் தூங்குதேன்னு நெனப்பு.

"நான் ஊத்துன தண்ணிதான் உள்ள போயிருக்குமோன்னு எனக்கு ஒரு இதாவே இருக்குட்டி. அவியகிட்டச் சொல்லிராத."

"சொல்லலக்கா," இது எங்கம்மா. "புள்ள தொட்டதுன்னே இருந்துட்டுப் போவுது. இனிமே அவ அதத் தொடவா போறா."

பெரியம்மா ஊத்துன தண்ணிய நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். இந்த ஒரு வார்த்தைய என்னால மன்னிக்க முடியல. அம்மா சாகுற வரைக்கும் அவகிட்ட இதைக் கேக்கல. கேட்டிருந்தா அவளுக்கு ஞாபகமே இருந்திருக்காது. அது அவளுக்கு அம்புட்டுச் சின்ன விசயம்.

அப்பக்கூட எனக்கு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. கேசட்டு இருக்கு. பொட்டியச் சரி பண்ணிட்டா, இல்ல வேற ஒண்ணு கெடச்சா, கேசட்டுல இருந்து எல்லாம் திரும்பி வந்துரும். நெத்தியில எண்ண வழிய அதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

சடங்கன்னைக்கு மாமா கொழாய் கட்டிட்டாரு. நீங்க எல்லாரும் வந்தீங்க. பொம்பளைக வரிசையா வந்து என் கன்னத்துல சந்தனம் பூசுனாக, அத்தனை பேரு கையும் அத்தனை வேர்வை. பழைய சந்தனம் காயுறதுக்கு முன்னால புதுசு. மல்லிப்பூ கழுத்துக்குப் பின்னால புழுங்கி நாறிச்சு. மாமா மைக்குக்குப் பக்கத்துல டேப்ரெக்கார்டர வச்சுச் சடங்கு முழுக்கப் பதிஞ்சாரு. எங்க வீட்டு டேப்ரெக்கார்டர். அந்தக் கேசட்ட நான் மேடையில இருந்தே பாத்தேன். அட்டையில நான் பேனாவால போட்ட கோடு தெரிஞ்சது. எந்திரிச்சேன். "உக்காருட்டி, இன்னும் ஆலாத்தி எடுக்கல"ன்னு தோளப் பிடிச்சு உக்கார வச்சாக.

பொறவு மாமாகிட்டக் கேட்டேன். "எங்கிட்ட இருந்த வெறுங்கேசட்டு தீந்துபோச்சு. உங்கம்மாதான் இதை எடுத்துக் குடுத்தா. போட்டுப் பாத்தேன், ஒரே இரைச்சல், டேப்பு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்"னாரு. பொறவு சிரிச்சாரு. "இப்ப உன் சடங்கே அதுல இருக்கு. அதவிட உனக்கு என்ன வேணும்?"

பொட்டியோட கதைய முடிச்சிருதேன். செத்த சாமானுக்கு ரேடியோ கடைக்காரன் மிக்ஸி தரல. பச்சப் பலக ஷெட்டுல ஒரு தறிக்குக் கீழ ஆட்டத்துக்கு முட்டுக் குடுக்கப் போச்சு. மரப்பொட்டியில பெரியம்மா புளி போட்டு வச்சா. கருப்பேறி, ஓட்டும் நாருமா, பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அதுல கைய விட்டுப் புளி எடுக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொமட்டும்.

அதுக்குப் பொறவு வீட்டுல என்ன கெட்டாலும் எம்பேருதான். ரேடியோ நின்னா, "அவ தொட்டாளா?" மோட்டார் இழுக்கலைன்னா, "அவ சுவிட்சு போட்டாளா?" கல்யாண வீடுகள்ல அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பான். இப்பவும் சொல்லுதான். அப்பா பட்டாளத்துல இருந்து வந்த பொறவு சண்ட போட்டு, பட்டினி கெடந்து படிச்சேன். இன்னைக்குக் கோயமுத்தூர்ல மோட்டார் ஸ்டார்ட்டருக்குள்ள இருக்குத சின்னச் சில்லுக்கு ப்ரோக்ராம் எழுதுதேன். ஊரெல்லாம் தண்ணி ஏத்துத சில்லு. அண்ணன் தோட்டத்துலயும் ஒண்ணு இருக்கு. அதைத் தினமும் அமுக்கி மோட்டார் போட்டுட்டுத்தான் அவன் கல்யாண வீடுகளுக்கு வந்து அந்தக் கதையச் சொல்லுதான்.

மாமா போன வருசம் தவறிட்டாரு. அவரு மகன் கடையக் காலி பண்ணுதான். போன வாரம் ஃபோன் பண்ணுனான். "மைனி, உங்க சடங்குக் கேசட்டு அப்பா பொட்டியில கெடந்துச்சு. போன்ல ஏத்தி அனுப்புதேன். சடங்கு முடிஞ்ச பொறவு டேப்பு கெட்டுப்போயிருக்கு, ஒரே கீச்சுக் கீச்சு. அத வெட்டிட்டு அனுப்பவா?"

"வெட்டாத"ன்னேன்.

கேட்டேன். முழுசும் கேட்டேன். மாமா மைக்க ஊதுத சத்தம். குலவ. பெரியப்பா யாரையோ செருப்பக் கழட்டச் சொல்லுத சத்தம். அம்மா குரல் ஒரு எடத்துல, "சிரிட்டி, போட்டோ எடுக்காக"ன்னு. பொறவு டக்குன்னு ஒரு சத்தம். மாமா நிப்பாட்டியிருக்காரு. அதுக்கடுத்து நான் ரெண்டாவது தடவ பதிஞ்சது, டேப்ப நம்ப முடியாதுன்னு கடைசியில பதிஞ்சேனே அது, அப்படியே இருந்துச்சு. ஆரம்பத்துல கொஞ்சம் மட்டும் குலவ தின்னுருச்சு.

ஞாயித்துக்கிழமகள்ல நீங்க சீரியல் பாக்குத நேரத்துல நான் பழைய சில்லெல்லாம் தேடி வாங்கி, பலகையில ஈயத்தால பத்த வச்சு, ஓட்டிப் பாக்குறது வழக்கம். எம்புருசனும் மகனும் அதைக் குப்பைன்னுவாக. அந்தப் பொட்டி மாதிரியே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். அந்தக் கீச்சுச் சத்தத்த நம்பராத் திருப்பிக் குடுக்கதுக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதுனேன். வரிசையா நம்பரு வந்து விழுந்துச்சு. நடுவுல இருபத்தேழு இருந்துச்சு. அதப் பாத்ததும் மேஜையில தலைய வச்சு அழுதேன்.

இப்ப பத்திரிகை போட்டவளுக்குச் சொல்லுதேன். நான் வர மாட்டேன், கோவிச்சுக்காத. ஆனா உன் பேத்திகிட்டப் போயி ஒண்ணே ஒண்ணு கேளு. அன்னைக்கு இது தெரியுறதுக்கு முன்னால அவ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்னு கேளு. அவ என்ன சொன்னாலும் அத எடுத்து அவ கையில திரும்பக் குடு. ஓல கட்டாத, முட்ட ஊத்தாத. அந்தப் புள்ள கேமராவப் பாக்காம எதப் பாக்குதுன்னு நீ பாத்தியா?

குலவ தின்ன ஆரம்பத்துக்கு என்ன நம்பரு போடணும்னு நான் யோசிக்கவே இல்ல. வெரலு தானாப் போயி அமுக்கிச்சு. இன்னைக்குக் காலையில ஒரு காலிங்பெல் சுவிட்ச மாட்டி ஓடுன்னேன். சிவப்பாப் பூஜ்ஜியம் எரிஞ்சது. அமுக்க அமுக்க ஒவ்வொண்ணா ஏறிச்சு. ஒன்பது வந்ததும் கைய எடுத்துட்டேன். எம்புட்டு வயசானாலும் அந்த எடத்துல ஒரு பயம். பொறவு அமுக்குனேன். பத்து வந்துச்சு. நான் தொட்டுத்தான் வந்துச்சு.